ஹெச்.எம். கெட்டிக்காரரா, பள்ளிக்கூடம் அப்படியா?

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் டீக்கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். "அந்த ஸ்கூல் நூறு பர்சன்ட்டுப்பா, ஹெச்.எம். கெட்டிக்காரர்." பக்கத்து ஊர்ப் பள்ளி எண்பதைத் தொடாமல் நின்றிருக்கும். "அங்கே ஹெச்.எம். சரியில்லை" என்று அடுத்த ஆள் முடித்துவிடுவார். கிளாஸ் ஆறுவதற்குள் இரண்டு பேருடைய மொத்த உத்தியோகத்துக்கும் தீர்ப்பு எழுதியாயிற்று. நம்மை விடுங்கள், அதிகாரிகளும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். ரிசல்ட் வந்த கையோடு மாவட்டத்தில் மீட்டிங் போடுவார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். சிலருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். மாணவர்களுக்கான ரேங்க் பட்டியலைத் தமிழ்நாட்டில் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியர்களின் ரேங்க் பட்டியல் மட்டும் அறிவிக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒற்றை எண்ணை வைத்து ஒரு தலைமையாசிரியரை எடைபோட முடியாது என்பது என் கட்சி. அதற்காக, எடைபோடவே கூடாது என்று சங்கக் கூட்டத்தில் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நம் பிள்ளையின் ஐந்தாறு வருடம் அவர் கையில் இருக்கிறது. எடைபோட்டே ஆக வேண்டும். எதை வைத்து என்பதில்தான் வழக்கு. அவசரம் இல்லையென்றால் இன்னொரு டீ சொல்லுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

இந்தக் கடையையே எடுத்துக்கொள்வோமே. பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கிறது, எப்போதும் கூட்டம். மாஸ்டர் லீவு போட்டு வேறு ஆள் நின்றாலும் கூட்டம் குறையாது. உள்தெருக் கடை மாஸ்டர் எவ்வளவு பிரமாதமாக ஆற்றினாலும் இவ்வளவு கிளாஸ் ஓடாது. மாஸ்டரின் கைப்பக்குவம் இந்த வியாபாரத்தில் எவ்வளவு, இடத்தின் ராசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். தலைமையாசிரியர் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் என்ன இல்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது அவர் இல்லை, ஆசிரியர் தேர்வு வாரியம். இடமாற்றம் கலந்தாய்வில் நடக்கும். ஜூன் மாதம் கணக்கு ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போனால், அந்தக் காலியிடம் எப்போது நிரம்பும் என்று இவருக்கே தெரியாது. சேர்க்கைக்கு வரும் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கட்டடம் பொதுப்பணித் துறையோடு. இது போக, இலவச சைக்கிள், பாடநூல், சீருடை விநியோகம், உதவித்தொகைப் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு, எமிஸ் என்கிற கல்வித் தகவல் இணையதளத்தில் அன்றாடப் பதிவு. எமிஸ் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஒரு பட்டதாரியின் காலை நேரம் எங்கே கரைகிறது என்று.

கையில் இருப்பதும் லேசுப்பட்டதல்ல. கால அட்டவணை அவர் கையில். நன்றாக நடத்துகிற ஆங்கில ஆசிரியரை ஆறாம் வகுப்புக்குப் போடுவதா, பத்தாம் வகுப்புக்குப் போடுவதா? எல்லோரும் பத்துக்குத்தான் போடுவார்கள், ரிசல்ட் அங்கேதானே. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளை, நான்கு வருடம் திணறிய பிறகு பத்தாம் வகுப்பில் 'ஸ்லோ லேர்னர்' என்று பெயர் வாங்கி மாலை ஸ்பெஷல் கிளாஸில் உட்காரும். கெட்டிக்கார ஆசிரியரைத் துணிந்து கீழ் வகுப்புக்கு அனுப்புகிற தலைமையாசிரியருக்குப் பலன் கிடைக்க நான்கு வருடம் ஆகும். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார், பாராட்டு அடுத்து வந்தவருக்குப் போகும். கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்புக்குத் தானே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போகிறாரா, பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் ஒரு பி.டி.ஏ. ஆசிரியரைப் பிடித்துப் போடுகிறாரா, அல்லது அந்தப் பீரியடை பி.டி.க்கு விட்டுவிடுகிறாரா? பெண் பிள்ளைகளின் கழிவறைச் சாவி எங்கே இருக்கிறது? இதை நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சாவி தன் மேஜை டிராயரில் இருக்கிற ஹெச்.எம்.மும் உண்டு. "திறந்து வைத்தால் அசிங்கம் பண்ணிவிடுகிறார்கள் சார்" என்பார்.

இனி அந்தச் சதவீதத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. தேறியவர்களைத் தேர்வு எழுதியவர்களால் வகுத்தால் சதவீதம். எல்லோரும் தேறியவர்களையே பார்க்கிறோம். சூட்சுமம் கீழே, வகுக்கிற எண்ணில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம், கற்பனைக் கணக்குத்தான். முதல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். மூன்று பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பியாயிற்று. ஐந்து பேரை ஒன்பதிலேயே நிறுத்தியாயிற்று. நான்கு பேரின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "தனித்தேர்வராக எழுதட்டும், அதுதான் அவனுக்கு நல்லது" என்று பக்குவமாகச் சொல்லியாயிற்று. மிச்சம் 48 பேர் எழுதினார்கள், 48 பேரும் பாஸ். நூறு சதவீதம், வாசலில் ஃபிளெக்ஸ். இரண்டாவது பள்ளியிலும் ஒன்பதில் 60 பேர். இரண்டு பேர் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதி 58 பேரையும் எழுத வைத்தார்கள், 49 பேர் பாஸ். 84 சதவீதத்துச் சொச்சம், மெமோ. இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். அறுபது பிள்ளைகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டவைத்தது, அங்கே 48 பேரை, இங்கே 49 பேரை. ஃபிளெக்ஸ் போன இடமும் மெமோ போன இடமும் மாறிப்போயிற்று.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் ஒன்பதாம் வகுப்பு சல்லடை ஆகிவிட்டது. இது பள்ளிகளோடு புழங்குகிற எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதி வைப்பதில்லை. தனியார் பள்ளிகளில் இந்தச் சல்லடையின் கண் இன்னும் சின்னது.

மாநில அளவிலேயே இந்தக் கூத்தைப் பார்த்தோம். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வு அன்று சுமார் 50,000 பேர் தேர்வுக்கு வரவில்லை. சட்டசபை வரை போன விஷயம். அந்த வருடப் பிள்ளைகள் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்று மேலே வந்தவர்கள். பலர் பிளஸ் ஒன்னிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று அறிவித்தார்கள். எழுதியவர்கள் எட்டு லட்சத்து மூவாயிரம் சொச்சம், தேறியவர்கள் ஏழரை லட்சத்துச் சொச்சம், கணக்கு சரிதான். வராத அந்த 50,000 பேரையும் கீழே சேர்த்து வகுத்துப் பாருங்கள், எண்பத்தொன்பதை எட்டாது. நாம் பார்த்த செய்தியில் 94.03-தான் தலைப்பு.

இதெல்லாம் நம் ஊர் வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1862-லேயே இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைத்து, தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் சென்னை மாகாணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் புத்தகம் மனப்பாடம் ஆனதுதான் மிச்சம். முப்பது சொச்சம் வருடத்தில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது.

சமீபத்து உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். பெவர்லி ஹால் என்ற கல்விக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் மதிப்பெண் இலக்கு வைத்தார். எட்டினால் போனஸ், எட்டாத பள்ளி முதல்வருக்கு நாற்காலி நிலையில்லை. மதிப்பெண்கள் ஏறின. 2009-ல் அவருக்கு அந்நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருதே கிடைத்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தேகம் வந்தது, இவ்வளவு வேகமாக எங்காவது ஏறுமா என்று. விடைத்தாள்களை ஆராய்ந்தபோது, தப்பான விடையை அழித்துச் சரியான விடையை நிரப்பிய தடயங்கள் சில வகுப்புகளில் நம்ப முடியாத அளவுக்கு இருந்தன. அழித்தது பிள்ளைகள் இல்லை. 2011-ல் வந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் தில்லுமுல்லு நடந்ததாகச் சொல்லி 178 கல்வியாளர்களைக் குறிப்பிட்டது. அதில் 38 பேர் பள்ளி முதல்வர்கள். 2015-ல் பதினோரு பேரைக் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. இவர்கள் எல்லோரும் பிறவி மோசடிக்காரர்களா என்ன? எண்ணைக் கொண்டுவா என்றார்கள், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"சரி சார், பிள்ளைகள் எந்த நிலையில் வந்தார்கள், எந்த நிலைக்கு உயர்ந்தார்கள் என்று வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஜேசன் கிரிஸ்ஸம், சூசன்னா லோப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் மயாமி பகுதிப் பள்ளிகளின் தரவை வைத்துக்கொண்டு இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பள்ளி முதல்வரின் பங்கைப் பிரித்தெடுக்க மூன்று வழி உண்டு என்றார்கள். முதல் வழி, பள்ளியில் பிள்ளைகளின் முன்னேற்றம் முழுவதும் அவர் கணக்கு. இதுதான் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக் கணக்கு. இரண்டாவது, அதே பள்ளியில் முன்பு இருந்தவரோடு ஒப்பிடுவது. இடத்தின் ராசி கழிந்துவிடும், ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்தவர் மகா கெட்டிக்காரர் என்றால் நீங்கள் தொலைந்தீர்கள். அவர் சோம்பேறி என்றால் யோகம். மூன்றாவது, ஒருவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து வருடா வருடம் பள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. நியாயமான வழிதான், அதற்கு அவர் அங்கே பல வருடம் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மூன்று வழியிலும் ஒரே ஆட்களை வரிசைப்படுத்தினால் வரிசை ஒன்றுபோல வரவில்லை. ஒரு வழியில் முன்னால் நிற்பவர் இன்னொரு வழியில் பின்னால் போய்விடுகிறார்.

நம் ஊரில் மூன்றாவது வழிக்கு ஆரம்பத்திலேயே முட்டுக்கட்டை. பதவி உயர்வில் ஹெச்.எம். ஆகும்போது பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓய்வு வயது 60. நடுவில் ஒரு மாறுதல். ஒரு பள்ளியில் இரண்டு மூன்று வருடம்தான் என்றால் எதை அளப்பது? போன வருடம் நட்டதை இந்த வருடம் அறுத்துக் காட்டு என்றால் அவர் கீரைதான் போடுவார், தென்னை வைக்க மாட்டார்.

அதற்காகத் தலைமையாசிரியரால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. அதே கிரிஸ்ஸமும் சகாக்களும் இருபது வருட ஆய்வுகளைத் திரட்டி 2021-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். நூறு முதல்வர்களைத் திறமைப்படி வரிசையாக நிறுத்தினால், கீழிருந்து 25-ஆம் இடத்தில் இருப்பவரை எடுத்துவிட்டு 75-ஆம் இடத்தில் இருப்பவரைப் போட்டால், பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதப் படிப்பு கூடுதலாகக் கற்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. பள்ளியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து இது, ஒரு வகுப்புக்கு மட்டும் அல்ல. ஆக, ஹெச்.எம். முக்கியம், ரொம்ப முக்கியம். ஆனால் எந்த ஹெச்.எம். அப்படிப்பட்டவர் என்பதை மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே ஆண்டாய்வு இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. தேதி முன்கூட்டியே தெரியும். வாசலில் கோலம், சுவரில் புது சார்ட், பதிவேடுகளுக்குப் புது அட்டை. அதிகாரி பாடக்குறிப்பேட்டைப் புரட்டுவார், வருகைப் பதிவேட்டில் கூட்டல் சரியா என்று பார்ப்பார், ஒரு வகுப்பில் வாய்ப்பாடு கேட்பார். பதிவேடு ஒழுங்காக இருப்பது நல்லதுதான், ஆனால் அதில் தெரிவது பதிவேடு எழுதியவரின் கையெழுத்து. தேசிய அளவில் 2015-ல் 'ஷாலா சித்தி' என்று ஒன்று வந்தது. ஏழு தலைப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று படிநிலை, பள்ளியே தன்னை மதிப்பிட்டுக்கொண்ட பின் வெளியார் வந்து சரிபார்க்க வேண்டும். ஏழில் ஒன்று தலைமைப் பண்புக்கே ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. வெளியார் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால்தான் அதற்கு உயிர், இல்லையென்றால் அதுவும் இணையதளத்தில் நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம்.

உட்கார்ந்து என்னத்தைப் பார்ப்பது? இதற்கும் மயாமியிலிருந்து ஒரு தடயம் இருக்கிறது. சுமார் நூறு பள்ளி முதல்வர்களின் பின்னாலேயே ஆட்களை அனுப்பி, நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். அந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. கற்பித்தல் தொடர்பான வேலைக்கு அவர்கள் செலவிட்டது எட்டில் ஒரு பங்கு நேரம்தான். அதிலும் அதிகமாகப் போனது, வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்கு நகரும் ரவுண்ட்ஸ். அந்த ரவுண்ட்ஸ் அதிகமாகப் போன பள்ளிகளில் பிள்ளைகளின் முன்னேற்றம் கூடவில்லை, உயர்நிலைப் பள்ளிகளில் குறைந்தே தெரிந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் நடத்தும் விதத்தைப் பேசிச் சீர்படுத்திய நேரமோ முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தது.

நாம் நல்ல ஹெச்.எம். என்றால் என்ன நினைக்கிறோம்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பார், அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பள்ளியே கப்சிப். நம் ஊரில் இதற்கு நல்ல மரியாதை உண்டு. எனக்குமே அப்படி ஒருவரைப் பார்த்தால் கை தன்னாலே கட்டிக்கொள்ளும். ஆனால் சத்தம் அடங்குவது ஒன்று, பாடம் ஏறுவது வேறு. ஆகையால் ஆய்வுக்குப் போகிறவர் ஆசிரியர் ஒருவரைத் தனியாக அழைத்து இரண்டே விஷயம் கேட்கலாம். ஹெச்.எம். கடைசியாக உங்கள் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்கக் கவனித்தது எப்போது? அதன் பிறகு உங்களிடம் என்ன சொன்னார்? "நல்லா நடத்துறீங்க டீச்சர், போர்டை நல்லா அழிக்கச் சொல்லுங்க" என்பதோடு நின்றால் அவர் ரவுண்ட்ஸ் போனவர். "பின்னக் கணக்கில் அந்த மூன்றாவது வரிசைப் பையனுக்கு எங்கே தடுக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்தோம்" என்று பதில் வந்தால், அந்தப் பள்ளியின் தேர்ச்சி எழுபத்தைந்தாக இருந்தாலும் நான் பயப்பட மாட்டேன்.

பெற்றோரிடமும் கேட்கலாமே? சட்டமே வழி வைத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். ஆனால் கூட்டம் ஹெச்.எம். அறையில், நாற்காலி போட்டு டீ கொடுத்துத் தீர்மானம் எழுதுவதும் அவர்தான். எதிரே உட்கார்ந்து அவரைப் பற்றி ஒரு தாய் என்ன சொல்லிவிட முடியும்? பிள்ளை மறுநாள் அதே பள்ளிக்குப் போக வேண்டும். அவர் இல்லாத நேரத்தில், பள்ளிக்கு வெளியே கேட்டால்தான் அந்தக் குழுவின் வாய் திறக்கும்.

எண்களும் வேண்டும், நான் மறுக்கவில்லை. என் கையில் இருந்தால் தேர்ச்சி சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் பெயர் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்கிறது என்று கேட்பேன். இங்கே தேறியதா, வேறு பள்ளியில் படிக்கிறதா, ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதா, பதினேழு வயதில் கல்யாணம் ஆகிவிட்டதா? எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. அவ்வளவு காலை நேரத்தைத் தின்று சேர்த்த தகவல் இதற்குக்கூடப் பயன்படவில்லை என்றால் எதற்கு அது?

இதையும் ஏமாற்றலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஏமாற்றலாம். காணாமல் போன பிள்ளைக்குத் தினமும் வருகை போட்டுக்கொண்டே இருந்தால் போதும், பட்டியல் நிறைந்து இருக்கும். வராத பிள்ளையின் பெயர் பட்டியலில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2023-ல் பார்த்தோமே. ஆகவே எண் தனியாக நின்றால் ஆபத்து. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்த் தலைகளை எண்ண ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வட்டாரத்து அத்தனை பள்ளிக்கும் ஒருவராக இருந்து, அவருக்கும் தினம் ஒரு படிவம் நிரப்பும் வேலை இருந்தால், அவரும் ரவுண்ட்ஸ்தான் வருவார்.

அதிகாரிகள் பாட்டை அதிகாரிகள் பார்க்கட்டும். உங்கள் பெண்ணை ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள் இல்லையா? விண்ணப்பத்தை வாங்கும்போது ஹெச்.எம்.மிடமே மரியாதையாகக் கேளுங்கள்: "சார், போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தாங்க? இந்த வருஷம் பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்க?" முறைப்பவர்கள் இருப்பார்கள். பதிவேட்டை எடுக்காமலேயே எண்ணைச் சொல்லி, குறைந்த நாலு பேர் எங்கே போனார்கள் என்று பெயரோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள். கழிவறைச் சாவியை மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.